அப்பாவின் பணத்தைக் கவனிக்க அக்காவுக்கு ஒரு பவர் பத்திரம் போதுமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அப்பாவுக்கு 74 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். அம்மா காலமாகிவிட்டார். அப்பா திருச்சியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார், மாடி வாடகைக்கு விட்டிருக்கிறது. அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், நீங்கள் சிங்கப்பூரில். சமீபத்தில் அப்பா ஒரே கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டியிருக்கிறார். ஒரு டெபாசிட் முதிர்ந்ததே தெரியாமல் கிடந்திருக்கிறது. அக்கா பேரில் ஒரு ஜெனரல் பவர், அதாவது எல்லாக் காரியங்களுக்கும் அதிகாரம் தரும் பத்திரம், எழுதிவிட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அக்கா மேல் சந்தேகமில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது உறுத்துகிறது, அப்படி நினைப்பதே தப்பா?"

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அப்பாவுக்கு நினைவு முழுக்கத் தவறும் நாளில் அந்தப் பத்திரம் செல்லுமா என்பது ஒன்று. அக்காவுக்கும் உங்களுக்கும் இடையில் விரிசல் வராமல் இதை எப்படி அமைப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கே அதிகம் எழுதப் போகிறேன். நான் பொதுத்துறை வங்கியில் பல வருஷம் கிளை மேலாளராக இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு முதியவர்களுக்கு இந்தக் காகித வேலைகளில் கூட இருந்து உதவுகிறேன். அதாவது பவர் பத்திரத்தைக் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து பார்த்தவன். பத்திரத்தின் வாசகத்தை எழுத வேண்டியவர் ஒரு சிவில் வழக்கறிஞர். அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதில் உதவும்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், அது உங்களுக்குப் பிடிக்காது. இந்தியாவில் பவர் பத்திரம் 1882-ஆம் ஆண்டு அதிகார ஆவணச் சட்டத்தின் கீழ் வந்தாலும், அதன் உயிர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதில் முகவர் (ஏஜென்ட், அதாவது பவர் வாங்கியவர்) பற்றிய அத்தியாயத்தில் 201-ஆவது பிரிவு, எழுதிக் கொடுத்தவரோ வாங்கியவரோ இறந்தால் அல்லது சித்தம் கலங்கினால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், கை ஓடவில்லை, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் பத்திரம் செல்லும். புத்தியே போய்விட்டது என்றால் செல்லாது. எந்த நாளுக்காக எழுதி வைக்க நினைக்கிறீர்களோ, அந்த நாளில்தான் அது கைவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. வங்கியில் வந்து நின்ற பிறகுதான் தெரிய வருகிறது.

சிங்கப்பூரில் நண்பர் ஒருவர் தன் அம்மாவுக்கு நினைவு போன பிறகும் செல்லுபடியாகிற பத்திரம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. அங்கே 2008-இல் இயற்றிய மனத்திறன் சட்டம் அதற்கென்றே ஒரு பத்திரத்தை ஏற்படுத்தி, அதைப் பதிவு செய்து கண்காணிக்க ஓர் அலுவலகத்தையும் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே ஏற்பாடு. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரங்கள் சிலவற்றில் "எனக்குச் சித்த சுவாதீனம் தவறினாலும் இந்த அதிகாரம் தொடரும்" என்று ஒரு வாசகம் இருக்கும். அது வெளிநாட்டுப் பத்திரத்திலிருந்து வந்தது. அதை எழுதுவதால் குற்றமில்லை, ஆனால் அதை நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்ததும் உறுதியானதுதான், இது கொஞ்சம் ஆறுதல் தரும். மறதி ஆரம்பித்துவிட்டது என்பதாலேயே அப்பா கையெழுத்துப் போடும் தகுதியை இழந்துவிடவில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, எழுதும் அந்த நேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு தனக்கு எது நல்லது என்று யோசித்து முடிவெடுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. நேற்றைய சாப்பாடு நினைவில் இல்லாவிட்டாலும், "என் பெண்ணுக்கு என் பேங்க் கணக்கைப் பார்த்துக்கொள்ள அதிகாரம் தருகிறேன், வீட்டை விற்க அதிகாரம் தரவில்லை" என்று அவரால் தன் வாயால் சொல்ல முடிந்தால் பத்திரம் எழுதலாம். ஆனால் நாளைக்கு யாராவது கேள்வி எழுப்பினால் காட்டுவதற்கு அத்தாட்சி வேண்டும். நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அப்பாவைக் காட்டி, பத்திரம் எழுதும் நாளிலேயே, முடியாவிட்டால் அதற்கு ஓரிரு நாள் முன்பு, முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று சான்று வாங்கி வையுங்கள். அவர் அந்த நிலையில் இருக்கிறாரா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை கட்டின பில்லை வைத்து நானோ நீங்களோ அதைத் தீர்மானிக்க முடியாது.

இனி தெளிவில்லாத இடம். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும் ஒருவருக்கு, பவர் எந்த நாளில் முடிந்தது என்று யார் சொல்வது? சட்டத்தில் அதற்குத் தேதி குறிக்கும் வழி இல்லை. மருத்துவர் ஒரு காகிதத்தில் டிமென்ஷியா என்று எழுதிய நாளா, அப்பா மகளையே அடையாளம் தெரியாமல் பார்த்த நாளா? முகவருடைய அதிகாரம் முடிந்தாலும், அந்த முடிவு தெரிய வந்தவருக்குத்தான் பொருந்தும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு சொல்கிறது. இப்படி முடிந்த பிறகும் எழுதிக் கொடுத்தவரின் நலனைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கைகளை முகவர் எடுக்க வேண்டும் என்று 209 சொல்கிறது. இவற்றை வைத்து ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, வேலைக்காரம்மாவின் சம்பளம் இவற்றையெல்லாம் நியாயப்படுத்தலாம் என்று வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஒன்று மட்டும் நிச்சயம்: வாடிக்கையாளர் சுயநினைவில் இல்லை என்று எழுத்தில் தகவல் வந்துவிட்டால், எந்தக் கிளை மேலாளரும் பவரை வைத்துப் பெரிய தொகை தர யோசிப்பார். நானும் தந்திருக்க மாட்டேன்.

அந்தக் கட்டத்துக்குப் பிறகு உள்ள வழி நீதிமன்றம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதற்கு உதவாது. அதில் நியமிக்கும் பிரதிநிதி சிகிச்சை விஷயத்துக்கு மட்டும்தான். அதற்கு முன்பிருந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் ஆள் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது, புதிய சட்டத்தில் அது இல்லாமல் போய்விட்டது. இந்த வெற்றிடத்தை உயர் நீதிமன்றங்கள் தங்கள் சிறப்பு அதிகாரத்தால் நிரப்புகின்றன. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிப்பதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, அவர் சொத்தை விற்கவும் அனுமதித்தது, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட்டாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்கு முன் தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அந்த மனுவைத் திருப்பியிருந்தார். வழி இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது வக்கீலைத் தேடிப் போகிற வழி அது. அப்பா தெளிவாக இருக்கும் இப்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவிட்டால், பெரும்பாலும் அங்கே போக வேண்டியிருக்காது.

அதனால் ஒரே பத்திரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைக்காதீர்கள். முதல் ஏற்பாட்டுக்குப் பத்திரமே வேண்டாம், வங்கிக் கிளையிலேயே முடியும். அப்பாவும் அக்காவும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கட்டும். இயக்கும் முறை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று இருக்கட்டும். ஆனால் அப்பாவின் சேமிப்பு முழுவதையும் அதில் போடக் கூடாது. ஆறு மாதக் குடும்பச் செலவும், திடீரென்று ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படும் ஒரு தொகையும் அதில் இருந்தால் போதும். மாடி வாடகை நேராக அதில் வரட்டும். டெபாசிட்டுகள் அப்பாவின் தனிப் பெயரிலேயே, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி, வட்டி மட்டும் மாதாமாதம் கூட்டுக் கணக்குக்கு வரும்படி அமைத்துவிடுங்கள். முதிர்ந்தது தெரியாமல் கிடக்கும் சிக்கல் அதோடு தீர்ந்தது. பென்ஷன் வரும் கணக்கில் பிள்ளைகளைக் கூட்டாகச் சேர்க்கக் கிளையில் மறுக்கலாம், வாழ்க்கைத் துணையை மட்டும்தான் சேர்ப்பார்கள். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். பென்ஷன் விழுந்த மறுநாளே குறிப்பிட்ட தொகை கூட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி நிலையுத்தரவு கொடுத்தால் அதே பலன். இப்படிச் செய்தால் அக்கா தினசரிச் செலவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம், பெரிய தொகைகள் யார் கையிலும் இல்லை. நாளைக்கு அப்பா நினைவிழந்தாலும், தானாக ஓடும் உத்தரவுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு: கூட்டுக் கணக்கில் ஒருவருக்குச் சித்தம் தவறியது என்று வங்கிக்கு முறையாகத் தெரிய வந்தால் அந்தக் கணக்கையும் நிறுத்தி வைக்கக் கூடும். அதில் குறைந்த தொகை வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பது என்னவென்று யூகிக்க முடிகிறது: அப்பாவின் ஏடிஎம் கார்டு அக்காவிடம் இருக்கும், பின் நம்பர் பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கும், ஓடிபி வந்தால் அப்பா போனில் படித்துச் சொல்வார். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் இப்படித்தான். இதில் பாதிக்கப்படப் போவது அப்பாவும் அக்காவும்தான். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரே பின் நம்பரையோ ஓடிபியையோ பகிர்ந்ததால் மோசடி நடந்தால், வங்கியில் புகார் செய்யும் வரை ஆகும் நஷ்டம் அவருடையதே. அக்காவுக்கோ, எந்த அதிகாரமும் இல்லாமல் அப்பா பணத்தை எடுத்தவர் என்ற நிலை. கூட்டுக் கணக்கில் அக்கா பெயரிலேயே தனிக் கார்டு வாங்கிக்கொள்ளட்டும். சின்னச் செலவுகளுக்கு யுபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி 2024-இலிருந்து இருக்கிறது. அப்பா தன் கணக்கிலிருந்து அக்கா பணம் கட்ட அனுமதி தரலாம், ஒவ்வொரு தடவையும் அப்பா ஒப்புதல் தர வேண்டாத முழு அனுமதியில் மாதம் 15,000 ரூபாய் உச்ச வரம்பு. மளிகைக்கும் மருந்துக்கும் அது போதும்.

இனி பவர் பத்திரம். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா தெளிவாக, ஆனால் நடமாட முடியாமல் இருக்கும் காலம் வருஷக்கணக்கில் நீளலாம், அந்தக் காலத்துக்கு அதுதான் துணை. ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவர் தன் அம்மா எழுதிக் கொடுத்த பவரோடு கிளைக்கு வந்தார். நல்ல முத்திரைத்தாளில் நாலு பக்கம், பதிவும் ஆகியிருந்தது. அம்மா ஐசியுவில் இருந்தார், ஒரு டெபாசிட்டை முன்கூட்டியே முறிக்க வேண்டும். பத்திரத்தில் நிலம், வீடு, வழக்கு, பட்டா, மின் இணைப்பு, எல்லாம் இருந்தது. "வங்கி" என்ற வார்த்தையே இல்லை. கடைசியில் "மேற்கண்டவை தொடர்பான இதர சகல காரியங்களையும்" என்று ஒரு வரி. அந்த வரியை நம்பிப் பணம் தர முடியாது. பவர் பத்திரத்தில் எழுதியிருப்பதை ஒட்டித்தான் பொருள் கொள்ள வேண்டும், பொதுவான வார்த்தைகள் குறிப்பாகச் சொன்னவற்றைத் தாண்டிப் போகாது என்பது நீதிமன்றங்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது. எங்கள் சட்டப் பிரிவும் அதையே சொன்னது. அவர் கோபத்தோடு போனார், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பத்திரம் எழுதியவர் நிலத்துக்கான பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

ஆகவே உங்கள் அப்பாவின் பத்திரத்தில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். வங்கிகளின் பெயர், கிளை, கணக்கு எண்கள், இனிமேல் தொடங்கும் கணக்குகளும் சேரும் என்ற வாசகம். செக்கில் கையெழுத்திட, டெபாசிட்டைப் புதுப்பிக்க, தேவைப்பட்டால் முன்கூட்டியே முறிக்க, ஆனால் முறித்த பணம் அப்பாவின் சொந்தக் கணக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ மட்டும் போக. லாக்கர் இருந்தால் அதைத் திறக்க. வாடகை வசூலிக்க, ஒப்பந்தம் புதுப்பிக்க, வீட்டு வரி கட்ட. வருமான வரி, பென்ஷன் அலுவலகம், இன்ஷூரன்ஸ் இவற்றில் அப்பா சார்பில் எழுதிக் கொடுக்க. அதைவிட முக்கியமானது, எவையெல்லாம் கூடாது என்று எழுதுவது: விற்க, அடமானம் வைக்க, தானமாகக் கொடுக்க, கடன் வாங்க, யாருக்கும் ஜாமீன் நிற்க, நாமினியை மாற்ற, தன் பேருக்கோ தன் குடும்பத்தார் பேருக்கோ எதையும் மாற்றிக்கொள்ள அதிகாரம் இல்லை. மியூச்சுவல் ஃபண்டோ பங்கோ இருந்தால் அந்தந்த நிறுவனத்தில் பவரைத் தனித்தனியாகப் பதிய வேண்டும், பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஜெனரல் பவர்" என்று யாராவது அச்சடித்த படிவத்தை நீட்டினால் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டை விற்கும் அதிகாரம் இப்போது எதற்கு? அதற்குக் காரணம் வரும்போது, தனியாக, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் எழுதிக்கொள்ளலாம். "ரத்து செய்ய முடியாத பவர்" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பவர் வாங்குபவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருக்கும்போதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது, உங்கள் அப்பாவின் நிலைமை அதுவல்ல. பவர் வாங்கினால் வீடு சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் ஆணித்தரமாகச் சொன்ன பிறகும், பவரையே விற்பனைப் பத்திரம் மாதிரி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உறவினர் யாராவது "இதுக்குப் பதிலா இப்பவே பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடுங்க" என்றால் அதற்கும் அவசரப்பட வேண்டாம். எழுதிக் கொடுத்தால் வீடு அன்றைக்கே கை மாறிவிடும். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பராமரிக்காமல் விட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவின்படி ரத்து கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஒரு தகப்பன் தன் பிள்ளைகள் மேல் மனு போட வேண்டியிருக்கும்.

பதிவு விஷயம் சுருக்கமாக. அசையாச் சொத்து பற்றிய பவரை, வாடகை வசூல் போன்றவை சேர்ந்திருந்தாலும், பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு. தமிழ்நாட்டில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரை 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டில் எழுதியவை மட்டும் இதற்கு விலக்கு. வங்கி வேலைக்கு மட்டும் என்றால் நோட்டரி முன் எழுதியதைச் சில வங்கிகள் ஏற்கும். ஆனாலும் பதிவான பத்திரத்தை மறுப்பது கடினம். அப்பாவால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக முடியாவிட்டால், உடல் நலிவைக் காட்டி அவரை வீட்டுக்கே வரவழைக்கப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பத்திரம் கையில் வந்ததும் பீரோவில் வைத்துவிடாமல், அடுத்த வாரமே ஒவ்வொரு வங்கியிலும் மூலத்தைக் காட்டி, நகல் கொடுத்து, அக்காவின் அடையாளச் சான்றுகளும் மாதிரிக் கையெழுத்தும் கொடுத்து, பதிந்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அப்பா தெளிவாக இருக்கும்போதே ஒரு சின்னத் தொகை செக்கை அக்கா பவர் ஏஜென்டாகக் கையெழுத்திட்டு மாற்றிப் பார்க்கட்டும். சிக்கல் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அப்பாவின் கையெழுத்து ஏற்கெனவே கோணத் தொடங்கியிருந்தால் அதையும் கிளையில் சொல்லி மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பியுங்கள். கையெழுத்தே போட முடியாத நிலை வந்தாலும் சாட்சிகள் முன் கைரேகை வைத்துப் பணம் எடுக்க வழி உண்டு, அதற்காக வங்கி அலுவலர் வீட்டுக்கே வரவும் செய்வார். எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

இனி உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். இல்லை, அது தப்பில்லை. ஆனால் அந்த உறுத்தலை அக்காவின் நேர்மை பற்றிய கேள்வியாக வைத்துக்கொண்டால் அதிலிருந்து நல்லது எதுவும் விளையாது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த குடும்பச் சண்டைகளில், பணத்தைச் சுருட்டிய பிள்ளைகள் இருந்தார்கள்தான். அவர்களைவிட, ஒரு ரூபாய்கூட எடுக்காமல், ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் அலைந்து, கடைசியில் "அப்பாவோட டெபாசிட் எங்க போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ரசீதும் இல்லாமல் நின்ற பெண்கள்தான் அதிகம். பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு எழுதி வைக்க நேரம் இருப்பதில்லை, தூரத்தில் இருப்பவருக்கு அந்த அலைச்சல் தெரிவதில்லை. அப்பா இறந்து சொத்து பிரிக்கும்போது, மூன்று வருஷம் முன்பு எடுத்த எண்பதாயிரம் எதற்கு என்று யாருக்கு நினைவிருக்கும்? கணக்கு இருந்தால் முதலில் காப்பாற்றப்படுவது அக்காதான். முகவர் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆவது பிரிவும் சொல்கிறது. ஆனால் அதை அக்காவிடம் சட்டமாகச் சொல்லாதீர்கள். பத்திரத்திலேயே அப்பாவின் வாய்மொழியாக ஒரு பத்தி வரட்டும்: வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மகனுக்கு அனுப்ப வேண்டும், என் மகள் என் பொருட்டுச் செய்யும் போக்குவரத்து, மருந்து, ஆள் கூலி முதலிய செலவுகளை என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பாதி முக்கியம். கைக்காசைப் போட்டுவிட்டுக் கேட்கக் கூச்சப்படும் அக்காக்களை நான் அறிவேன். நோட்டுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். தேதி, தொகை, யாருக்கு, எதற்கு என்று நாலு கட்டம். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போனால் ரசீதைப் பக்கத்தில் குத்தி வைக்கட்டும்.

உங்கள் பங்குக்கு, கூட்டுக் கணக்கின் மாதாந்தர ஸ்டேட்மென்ட் உங்கள் மின்னஞ்சலுக்கும் வரும்படி அப்பாவும் அக்காவும் ஏற்பாடு செய்யட்டும். அது வந்த நாளில் திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு, கேள்வி இருந்தால் அந்த வாரமே போனில் சாதாரணமாகக் கேளுங்கள். ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு வந்து மொத்தமாகக் கேட்டால் அது விசாரணையாகிவிடும். இருவரையும் ஏஜென்டாகப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். "இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்" என்று எழுதினால் நீங்கள் ஊரில் இல்லாத ஒவ்வொரு நாளும் வேலை நிற்கும். தினசரி நிர்வாகம் அக்கா ஒருவரே, குறிப்பிட்ட தொகைக்கு மேல் டெபாசிட்டை முறிப்பதற்கு மட்டும் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம், அக்காவால் முடியாமல் போனால் அவர் இடத்தில் நீங்கள் என்று எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது. அக்காவுக்கும் உடம்பு சரியில்லாமல் போகலாம். பவர் வாங்கியவர் தன் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தானாகத் தூக்கிக் கொடுக்க முடியாது, அதனால் மாற்று ஆளை அப்பாவே பெயர் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு நாள் அப்பா மனம் மாறினால், தெளிவோடு இருக்கும் வரை அவரால் பவரை ரத்து செய்ய முடியும். பதிவான பவர் என்றால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும், அக்காவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எந்தெந்த வங்கியில் கொடுத்ததோ அங்கெல்லாம் அன்றைக்கே நகல் போக வேண்டும். தகவல் போய்ச் சேராத இடத்தில் பழைய பவர் வைத்து நல்லெண்ணத்தோடு நடந்த காரியம் செல்லும். அப்பா இறந்த நிமிஷத்தில் பவர் முடிந்துவிடும். இறந்த மறுநாள் கார்டை வைத்துப் பணம் எடுத்துக் காரியச் செலவு செய்வது சகஜமாக நடக்கிறது, பின்னால் அதுவே வழக்காகவும் ஆகிறது. கூட்டுக் கணக்கில் பணம் இருந்தால் அந்தத் தேவையே வராது. எல்லா டெபாசிட்டுக்கும் நாமினி போட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், ஆளுக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். ஆனால் நாமினி வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும்தான், சொந்தக்காரர் வாரிசுகளே என்று உச்ச நீதிமன்றம் வங்கி டெபாசிட் விஷயத்தில் 2010-இலேயே சொல்லிவிட்டது. யாருக்கு எவ்வளவு என்பதற்கு உயில் ஒன்றுதான் வழி. மருத்துவரிடம் சான்று வாங்கும் அதே வாரத்தில் உயிலையும் எழுதிவிட்டால், ஒரே சான்று இரண்டுக்கும் உதவும்.

நீங்கள் டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கூட்டுக் கணக்கும், தானாகப் புதுப்பிக்கும் உத்தரவும், மருத்துவர் சந்திப்பும் இந்த மாதமே நடக்கலாம், உங்கள் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. பத்திரத்தின் வரைவை வழக்கறிஞர் தயார் செய்ததும் அப்பாவுக்கு ஒருமுறை தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அவர் எங்கேயாவது நிறுத்திக் கேள்வி கேட்டால் அந்த வாசகத்தை மாற்றுங்கள். அப்பா அரசுப் பள்ளியில் இருந்தாரா, உதவி பெறும் பள்ளியா, பென்ஷன் எந்த வழியாக வருகிறது, டெபாசிட்டுகள் எத்தனை வங்கியில் இருக்கின்றன என்று எழுதுங்கள். கிளையில் என்ன படிவம் கேட்பார்கள், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.